பரிசுப் பட்டியலை அக்டோபரிலேயே போடலாமா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்தான் ஒவ்வொரு வருடமும் பரிசு வாங்க ஓடுகிறேன். எப்போது ஆரம்பிப்பது?

பதில்: அக்டோபர் கடைசியில் ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், தொகை, என்ன பரிசு, வாங்கிய தேதி, ஒளித்து வைத்த இடம். கடைசிக் கட்டத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அலமாரியின் மேல்தட்டில் மறந்துபோன பொம்மை ஜனவரியில் கிடைத்தால் யாருக்கு லாபம்? மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெயர்களுக்குப் பிரியுங்கள். சுற்றும் தாள், வாழ்த்து அட்டை, பேட்டரி எல்லாம் அந்தப் பங்கில்தான் வரும். பெயர் பொறிக்க வேண்டியவை, வெளியூர் போக வேண்டியவை இரண்டையும் நவம்பர் 15-க்குள் முடித்துவிடுங்கள். நேரில் கொடுப்பவை டிசம்பர் 10 வரை பொறுக்கும்.

கேள்வி: சென்ற முறை முன்கூட்டியே வாங்கினேன். அளவு சரியில்லை, கடையில் மாற்றித் தரவில்லை.

பதில்: முன்கூட்டி வாங்குவதில் இருக்கும் பொறி இதுதான். மாற்றும் கெடு பில் தேதியிலிருந்தோ, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும். 30 நாள் கெடுவோடு நவம்பர் 20-இல் வாங்கினால் டிசம்பர் 20-இல் முடிந்துபோகும். பெட்டியைப் பிரிப்பதோ 25-இல். அதனால் உடை, செருப்பு போன்ற அளவுச் சமாச்சாரங்களை டிசம்பருக்குத் தள்ளுங்கள். பண்டிகைக்காகக் கெடுவை நீட்டித் தரும் கடைகளும் உண்டு. வாய்ச்சொல்லை நம்பாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். விலை போடாத பரிசு ரசீது கிடைத்தால் அதையும் பெட்டிக்குள் வையுங்கள்.

மின்சாதனம் என்றால் வாங்கிய அன்றே பிரித்து, சார்ஜ் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். முத்திரை உடைந்தால் திரும்ப எடுப்பார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'பேட்டரி இதில் இல்லை' என்றிருக்கும். எந்த அளவு, எத்தனை என்று பார்த்துக் கூடவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குக் கரடி பொம்மை அனுப்ப, எடைக்கு மேல் பல மடங்கு பணம் கேட்கிறார்களே?

பதில்: பெட்டி அடைக்கும் இடத்துக்குத்தான் அந்தக் காசு. நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களின் வழக்கமான கணக்கு. 40 × 30 × 25 பெட்டி 6 கிலோ ஆகிவிடும், உள்ளே இருப்பது 800 கிராம்தான் என்றாலும். பொம்மையை ஒட்டினாற்போல் இருக்கும் சின்னப் பெட்டி தேடுங்கள். வாசனைத் திரவியமும் பவர் பேங்க்கும் விமானத் தபாலில் சிக்கல், அவற்றைச் சேர்க்காதீர்கள். சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று மட்டும் எழுதினால் போதாது, பொருளும் விலையும் வேண்டும். இல்லையென்றால் பார்சல் சுங்கத்திலேயே கிடக்கும்.

கேள்வி: சுற்றும் தாள் எப்போதும் ஒரு விரல்கடை குறைந்துவிடுகிறது!

பதில்: வெட்டும் முன் அளந்துவிடுங்கள். 30 × 20 × 10 செ.மீ. பெட்டியென்றால், சுற்றளவு 60, ஒட்ட 3, ஆக 63. மறுபக்கம் நீளம் 30-உடன் இரு முனைக்கும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 7.5 வீதம், சேர்த்தால் 45. பந்து, குடுவை மாதிரி உருண்டையானவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். துணிப்பையில் போட்டு நாடா கட்டுங்கள்.