கரண்டோடு போன லாக்

கேள்வி: பினாங்கு லெபோ பசாரில் அச்சகம் வைத்திருக்கிறேன். சாயங்கால இடிமழையில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எங்கள் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் நெட்வொர்க் சுவிட்ச் அணைந்து எழுகிறது. லாக், அதாவது சுவிட்ச் நடந்ததை எழுதி வைக்கும் பதிவு, கேட்கிறார் டெக்னீஷியன். பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வரிதான், எல்லாம் மார்ச் 1-ஆம் தேதி! யாராவது அழித்துவிட்டார்களா?

பதில்: கடைப் பையன்களைச் சந்தேகிக்காதீர்கள், ஐயா. சுவிட்ச் தன் லாக்கை ராம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் அதுவும் போயிற்று. இடமும் பொதுவாக 4096 பைட்தான். நாற்பது வரி தாண்டினால் புதியது பழையதைத் தள்ளிவிடும். 'லாகிங் பஃபர்ட் 65536' என்ற கட்டளையால் இடத்தைப் பெருக்கலாம், ஆனால் அணைந்தால் அதுவும் காலிதான்.

மார்ச் 1 எப்படி வந்தது? சுவிட்சின் கட்டளைத் திரையில் 'ஷோ கிளாக்' அடியுங்கள், 1993 என்று காட்டும். கடிகார பேட்டரி இல்லாத பெட்டி, எழும்போதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். நேரத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், தன் கடிகாரத்தைத் தானே நம்பவில்லை என்று அர்த்தம். முதலில் என்டிபி (நெட்வொர்க் வழியே சரியான நேரம் வாங்கும் முறை) போடுங்கள், கூடவே மலேசிய நேரத்துக்கு 'கிளாக் டைம்சோன் எம்ஒய்டி 8', லாக்கிலும் அந்த நேரம் வர 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் லோக்கல்டைம்'. இவற்றை விட்டால் மாலை ஐந்து மணி இடி லாக்கில் காலை ஒன்பது மணிக்கு இடிக்கும்.

அடுத்து, 'லாகிங் ஹோஸ்ட்' போட்டு லாக்கை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்கள். இப்படி அனுப்பும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர், அது யுடிபி 514 என்ற போர்ட்டில் போகும். வந்து சேர்ந்ததா என்று சுவிட்ச் கேட்காது. பதிவுத் தபால் இல்லை, சாதாரணத் தபால். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தபோது நான் இதை அழகாகச் செய்து வைத்தேன், லாக் வாங்கும் கம்ப்யூட்டரையும் சுவிட்சையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகி! ராத்திரி இரண்டும் சேர்ந்தே படுத்தன. மேனேஜர் முன்னால் காலித் திரையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதனால் யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) வாங்கச் செலவைப் பார்க்காதீர்கள்.

இன்றைக்கே ஒன்று பார்க்கலாம். 'ஷோ வெர்ஷன்' அடித்தால் கடைசியாக ஏன் எழுந்தது என்று ஒரு வரி இருக்கும். 'பவர்-ஆன்' என்றால் கரண்ட் போய் வந்திருக்கிறது. 'ரீலோட்' என்றால் யாரோ கட்டளை போட்டிருக்கிறார்கள். அப்போது வேண்டுமானால் பையன்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: லாக்கைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: போதாதம்மா. பதினேழு படத்தில் மூன்று மங்கலாக இருக்கும், வேண்டிய வரி அதில்தான் இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து சுவிட்சுக்குள் நுழைய உதவும் புட்டி (PuTTY) மென்பொருளில் செஷன் லாகிங்கைத் திறந்து 'ஆல் செஷன் அவுட்புட்' தேர்ந்து, சுவிட்சுக்கு உள்ளே போய் 'டெர்மினல் லெங்த் 0' போட்டுவிட்டு 'ஷோ லாகிங்' அடியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் நிற்காமல் ஓடி முழுதும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேரும். ஒவ்வொரு லாக் வரியிலும் ஓர் எண் இருக்கும், எண் சிறியதானால் சங்கதி பெரியது: 0 அவசரம், 7 வெறும் டீபக் (பிழை தேடுவதற்கான குறிப்பு). இணைப்பு எழுந்ததையோ விழுந்ததையோ சொல்லும் 'லிங்க்-3-அப்டவுன்' என்ற வரி ஒரே போர்ட்டில் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.