மோட்டாருக்குக் கை உணர்வு கிடையாது: ரீலோடிங் கேள்வி-பதில்

வீட்டில் தோட்டா ரீலோட் செய்வது, அதாவது சுட்ட காலிக் கேஸில் (தோட்டாவின் உலோகக் கூட்டில்) புதுப் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு ஏற்றி மறுபடி தோட்டாவாக்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மோட்டார் பொருத்திய தானியங்கி மெஷின்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: அண்ணா, பிராக்டிகல் பிஸ்டல் போட்டிகளுக்காக மாதம் 1,500 தோட்டா சுடுகிறேன். கையால் இழுக்கும் புரோகிரசிவ் பிரஸ் (தோட்டா செய்யும் மெஷின்) இருக்கிறது. ஹேண்டில் இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. மோட்டார் போட்டால் மணிக்கு 2,000 தோட்டா வரும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தோள்பட்டைக்காக என்றால் வாங்குங்கள். மணிக்கு 2,000 வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிரைமர் குழாயில் 100 பிரைமர். மணிக்கு 2,000 ஓட்டினால் ஒரு குழாய் மூன்றே நிமிடத்தில் காலி. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மெஷினை நிறுத்தி, பிரைமர் ஏற்றி, பவுடர் அளவு பார்த்து, குண்டும் காலிக் கேஸும் கொட்டி, மறுபடி ஓட்டவேண்டும். உண்மையில் ஒரு மணி நேரத்தில் உங்கள் கையில் எத்தனை வரும் என்பது மோட்டாரின் வேகத்தில் இல்லை, இந்த இடைவேளைகளில் இருக்கிறது. நான் மணிக்கு 1,200க்கு மேல் வைப்பதே இல்லை. 1,500 தோட்டா எனக்கு ஒரு மாலை நேர வேலை. அது போதும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. புரோகிரசிவ் பிரஸ்ஸில் ஒரு முறை ஹேண்டிலை இழுத்தால் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கிறது. ஓரிடத்தில் பழைய பிரைமர் வெளியே வந்து கேஸ் அளவுக்குச் சுருங்குகிறது. அடுத்ததில் புதுப் பிரைமர் ஏறுகிறது. இன்னொன்றில் பவுடர் விழுகிறது, அப்புறம் குண்டு உட்காருகிறது, கடைசியில் கேஸ் வாயைக் குண்டின் மேல் இறுக்கும் கிரிம்ப். இத்தனையையும் இவ்வளவு நாள் கண்காணித்தது உங்கள் உள்ளங்கை. பிரைமர் சாய்ந்து ஏறினால் ஹேண்டிலில் ஒரு சின்ன நெருடல் தெரியும். கேஸ் வாய் பிளந்திருந்தால் குண்டு வழக்கத்தைவிட லேசாக இறங்கும். தடை வந்தால் நீங்கள் யோசிக்கும் முன்பே கை நின்றுவிடும். இந்த உணர்வு உங்களுக்கு இருப்பதே உங்களுக்குத் தெரியாது. மோட்டார் வந்த அன்றுதான் தெரியும்.

மோட்டாரில் ஒரு கிளட்ச் இருக்கும், அளவுக்கு மீறி எதிர்ப்பு வந்தால் நிற்கும். ஆனால் உங்கள் கைக்கு நெருடலாகப் படுவது கிளட்சுக்கு ஒன்றுமே இல்லை. அதனால் வாங்கும் வரிசையை நான் இப்படித்தான் சொல்வேன். முதலில் பவுடர் செக், அதாவது ஒவ்வொரு கேஸிலும் பவுடர் மட்டத்தைத் தொட்டுப் பார்த்து, குறைந்தாலோ கூடினாலோ கத்துகிற அல்லது மெஷினையே நிறுத்துகிற சென்சார். அடுத்து, பழைய பிரைமர் வெளியேறியதா, பிரைமர் குழாய் தீர்ந்ததா என்று பார்ப்பவை. பிறகு கேஸையும் குண்டையும் தானாக ஊட்டும் கேஸ் ஃபீடர், புல்லட் ஃபீடர். மோட்டார் கடைசி. டில்லன் ஆர்எல் 1100, மார்க் 7 போன்ற மெஷின்களில் எது வாங்கினாலும் இந்த வரிசை மாறாது. மோட்டார் வாங்கிவிட்டுச் சென்சாருக்குப் பிறகு பணம் சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: பவுடர் இல்லாத தோட்டா எப்படி உருவாகிறது? எல்லாத் தோட்டாவையும் எடை போட்டால் அதைக் கண்டுபிடித்துவிடலாமே?

பதில்: எனக்கே நடந்தது, அதையே சொல்கிறேன்.

மோட்டார் வாங்கிய இரண்டாவது மாதம். பவுடர் செக் அப்போது என்னிடம் இல்லை. ஒரு பிரைமர் பக்கவாட்டில் திரும்பி ஏறி, மெஷின் நின்றது. கேஸ்களை ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றிக் கொண்டுபோகும் ஷெல் பிளேட்டிலிருந்து இரண்டு கேஸை வெளியே எடுத்து, சிக்கலைச் சரி செய்து, கேஸைத் திரும்ப வைத்து ஓட்டினேன். அதில் ஒன்றைப் பவுடர் ஸ்டேஷனைத் தாண்டி வைத்துவிட்டேன். கையால் இழுத்திருந்தால் குண்டு வைக்கும்போது கேஸுக்குள் கண் போயிருக்கும். புல்லட் ஃபீடர் இருந்ததால் நான் பார்க்கவே இல்லை. அந்தத் தோட்டா அன்றைய மற்ற தோட்டாக்களோடு வாளிக்குள் போய்விட்டது.

அடுத்த வாரப் போட்டியில், நாலாவது டார்கெட்டில், 'டப்' என்று ஒரு அமுங்கின சத்தம். பிஸ்டல் சுடவில்லை. இந்த இடம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சுடவில்லை என்றால் மேகஸினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று பல வருஷமாகக் கையைப் பழக்கியிருக்கிறோம். ஒரு நொடிகூட ஆகாது. நான் தட்டிவிட்டேன், இழுத்தும்விட்டேன், புதுத் தோட்டா சேம்பருக்குள் (பேரல் குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏறிவிட்டது. "ஸ்டாப்!" என்று ரேஞ்ச் ஆபீசர் கத்தினார். விரல் டிரிகரிலிருந்து வெளியே வந்தது. பிஸ்டலைக் காலி செய்து பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தால், சேம்பருக்கு இரண்டு விரற்கடை முன்னால் குண்டு சிக்கிக்கிடக்கிறது. பிரைமரின் வேகம் மட்டும் அதை அதுவரை தள்ளியிருக்கிறது. அடுத்த குண்டு அதன் மேல் மோதியிருந்தால் பேரல் வீங்கியிருக்கும் அல்லது பிளந்திருக்கும். என் கை அதைச் சுற்றித்தான் இருந்தது.

வீட்டில் அதே நாள் செய்தது இன்னும் 900 பாக்கி. எடை போடும் யோசனைதான் எனக்கும் முதலில் வந்தது. பலிக்கவில்லை. 9 மில்லிமீட்டரில் பவுடர் மொத்தமே நாலைந்து கிரெயின் அளவுதான். ஒரு கிரெயின் என்றால் 64.8 மில்லிகிராம். பல கம்பெனிக் கேஸ்கள் கலந்திருந்தால் கேஸுக்குக் கேஸ் எடை வித்தியாசமே அதற்குமேல் போகும், குண்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பவுடர் இல்லாத தோட்டா ஒன்று, கனமான கேஸில் இருந்தால், தராசில் நல்ல தோட்டா போலவே நிற்கும். 900 தோட்டாவையும் குண்டைப் பிடுங்கும் புல்லர் வைத்துப் பிரித்தேன், நான்கு இரவு. இன்னொரு பவுடர் இல்லாத கேஸ் கிடைத்தது. நான் எடுத்தது இரண்டு கேஸ், இரண்டையுமே தவறாக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மெஷின் எதற்காக நின்றாலும் ஷெல் பிளேட்டில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். பவுடரைப் புட்டியில் கொட்டிவிட்டு, கேஸ்களைத் தனியே ஒதுக்கி, காலிப் பிளேட்டில் இருந்து மறுபடி தொடங்குவேன். ஐந்தாறு தோட்டா வீணாகும், ஆகட்டும். வாளியில் கொட்டுவதையும் விட்டுவிட்டேன். ஒரு பிரைமர் குழாய்க்கு ஒரு பெட்டி, மேலே தேதி, மெஷின் எங்கேயாவது நின்றிருந்தால் அதற்கு ஒரு குறி. இனி ஒரு தோட்டா தவறினால் நான் பிரிக்கவேண்டியது 900 இல்லை, 100.

கேள்வி: போட்டியில் குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) சோதனையில் 147 கிரெயின் குண்டுக்குச் சராசரி வேகம் நொடிக்கு 848 அடி என்று காட்டி, மைனருக்குக் (மிகக் குறைந்த பவர் வகுப்புக்கு) கூடப் போதாது என்று சொல்லி, ஸ்கோரே இல்லாமல் சுட வைத்துவிட்டார்கள். வீட்டில் அளந்தபோது 870 வந்தது. பவுடர் அளவை நான் மாற்றவே இல்லை.

பதில்: வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போய், நாள் முழுக்கச் சுட்டு, பலகையில் பெயருக்கு நேராகப் பூஜ்யம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை நொடிக்கு அடியில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர். மைனருக்கு 125 வேண்டும். உங்களுடையது 124.6. பிராக்டிகல் ஷூட்டிங்கின் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் விதியில் தசமம் கணக்கில் வராது, 124.9999கூட 125 ஆகாது. வீட்டில் வந்த 870க்கு 127.8. நீங்கள் விட்டிருந்த இடைவெளி மூன்று கூட இல்லை. வெயில் குளிர் மாறினாலே சில பவுடர்களில் வேகம் மாறும், இரண்டு குரோனோகிராஃப் ஒரே எண்ணைக் காட்டும் என்பதற்கும் உறுதியில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. 'பவுடர் அளவை ஹேண்டிலால் மெதுவாக இழுத்து, பத்து முறை எடை போட்டு வைத்தேன், பிறகு மோட்டாரில் ஓட்டினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் அங்கேதான். பவுடரை அளந்து கொட்டும் பவுடர் மெஷரில் உள்ள குழி நிரம்பவும் கொட்டவும் கொஞ்ச நேரம் வேண்டும். மெதுவாக இழுக்கும்போது கிடைத்த நேரம் மோட்டார் வேகத்தில் கிடைக்காது. மெஷினின் அதிர்வில் பவுடர் இறுகுவதும் உண்டு. தட்டை தட்டையான செதில் பவுடர் என்றால் இந்த வித்தியாசம் அதிகம், நுண்ணிய உருண்டைப் பவுடரில் குறைவு. நீங்கள் ஓட்டப்போகும் அதே வேகத்தில் மோட்டாரை ஓட்டி, அப்போது விழும் பவுடரை எடை போடுங்கள். முதல் இருபதை எண்ணிக்கையில் சேர்க்கவேண்டாம். பவுடர் கம்பெனியின் அட்டவணையில் உள்ள உச்ச அளவைத் தாண்டாமல் பவர் ஃபேக்டர் 130க்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்து, அதைப் போட்டிக்கு எடுத்துப் போகும் பிஸ்டலிலேயே அளந்து பாருங்கள். உச்ச அளவுக்குள் அது வரவில்லை என்றால் பவுடரை மாற்றவேண்டும், அளவைக் கூட்டக்கூடாது.

கேள்வி: ரேஞ்சில் கீழே கிடக்கும் கேஸ்களைப் பொறுக்கி அப்படியே மெஷினில் கொட்டலாமா?

பதில்: கூடாது. .380 என்ற இன்னொரு பிஸ்டல் தோட்டாவின் கேஸ் 17.3 மில்லிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் கேஸ் 19.15. கூட்டத்தில் கலந்துவிட்டால் மோட்டார் அதையும் உள்ளே இழுத்து ஒரு தோட்டாவாக்கிவிடும். குண்டு பிடிப்பில்லாமல் நிற்கும். ராணுவத் தயாரிப்புக் கேஸ்களில் பிரைமர் குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள், அதைச் சரி செய்யாமல் ஏற்றினால் புதுப் பிரைமர் நசுங்கும். சில கேஸ்களில் உட்புறம் ஒரு படி இருக்கும், அதில் பவுடருக்கு இடம் குறைவு, சுவர் அந்த இடத்தில் அறுந்துபோகவும் கூடும். இரும்புக் கேஸ்களில் பல பெர்டன் வகை, நடுவில் துளை இருக்காது, பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி உடையும். வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் பிரியுங்கள். எனக்கு அது பிடித்த வேலையும்கூட. முடிந்த தோட்டாக்களை எல்லாம் அளவு சரிபார்க்கும் கேஸ் கேஜில் போட்டுப் பாருங்கள், போட்டிக்குக் கொண்டுபோவதில் ஒன்றுகூட விடாமல்.

கேள்வி: வீட்டில் ரீலோட் செய்வது சட்டப்படி சரியா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் பிரைமரும் பவுடரும் லைசென்ஸில் ஏறவேண்டும், வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. மெஷின் வாங்கும் முன் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் படுக்கையறைக்கு அடுத்த அறையில் மெஷின் வைத்திருக்கிறார். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. பவுடர் வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எனக்குப் பவுடரைவிடப் பெரிய பயம் ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் இருக்கிறது. சுட்ட கேஸுக்குள் அதன் கரி ஒட்டியிருக்கும். கேஸ் சுத்தம் செய்யும் உலர் டம்ளர் மெஷினில் போட்டுச் சுழற்றினால் அது தூசியாகிக் காற்றில் கிளம்பி, தரையில் படியும். உங்கள் மகள் தரையில் விளையாடி, கையை வாயில் வைக்கும் வயது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்கவேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021ல் குழந்தைகளுக்கு வைத்த எல்லை.

கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். கேஸ்களைத் தண்ணீரில் கழுவவேண்டும், அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். ரேஞ்சுக்குப் போட்ட செருப்பும் சட்டையும் வீட்டுக்குள் வராமல் இருக்கவேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்கவேண்டும். பிரைமர்கள் கம்பெனிப் பெட்டியிலேயே இருக்கட்டும், பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாமே வெடிக்கும். அறைக்குப் பூட்டு. மகளுக்கும் அவருக்கும் ரத்தத்தில் ஈயம் சோதித்துவிடுங்கள், இந்த மாதமே. அறையை மாற்ற முடியும் என்றால் அதுவே நல்லது.

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. மாமாவின் மோட்டார் மெஷினிலேயே நேராகக் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, 500 தோட்டா செய். பவுடர் போட்ட கேஸ்களை மரத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார். பிரைமர் சரியாக உட்காரும்போது கையில் எப்படி இருக்கிறது, சாய்ந்து ஏறும்போது எப்படி இருக்கிறது என்று கவனி. இரண்டு முறை சாயும், அப்போது புரியும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடாதே. அதற்குப் பிறகு மாமாவின் மெஷினில் மோட்டாரைக் கழற்றி வைத்து ஹேண்டிலால் ஒரு ஆயிரம் ஓட்டு. மாமா பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் மோட்டாரை மாட்டிக்கொள்ளலாம்.