டர்ஹாமில் ஒரு வாரயிறுதி: நடக்க வருபவர்களின் கேள்விகள்

வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள டர்ஹாமுக்கு வாரயிறுதியில் நடக்கப் போகலாம் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறோம், ஞாயிறு மாலை கிளம்பணும். நேரா கதீட்ரலுக்குப் போயிடலாமா?

வேண்டாம், முதலில் ஆற்றுக்கு இறங்குங்கள். வியர் ஆறு ஒரு குன்றை மூன்று பக்கமும் சுற்றி வளைத்து ஓடுகிறது. குன்றின் மேல் கதீட்ரலும் கோட்டையும் இருக்கின்றன. பகைவர் எளிதில் நெருங்க முடியாத இந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்பது கீழே நடந்து பார்த்தால்தான் புரியும்.

மார்க்கெட் பிளேஸிலிருந்து எல்வெட் பாலத்துக்கு வந்து, படி இறங்கி, ஆற்றோரப் பாதையில் தெற்கே நடங்கள். தலைக்கு மேலே ஒல்லியாக ஒரு கான்கிரீட் நடைபாலம் வரும். அதுதான் கிங்ஸ்கேட், பொறியாளர் ஓவ் அருப் 1963-இல் கட்டியது. பாலத்தை இரண்டு பாதியாக, ஒவ்வொரு கரையிலும் ஆற்றின் போக்கிலேயே கட்டி, பிறகு இரண்டையும் திருப்பி நடுவில் சேர்த்தார்கள். அந்த இணைப்பை இன்றும் பார்க்கலாம். நிறையப் பேர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்!

அப்புறம் பிரெபெண்ட்ஸ் பாலம். 1771 வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் கட்டியது. அதில் அக்கரைக்குப் போய், மரநிழலில் ஃபிராம்வெல்கேட் பாலம் வரை வடக்கே நடங்கள். தடுப்பணை, பழைய ஆலைக் கட்டடம், அதற்கு மேலே கதீட்ரலின் இரட்டைக் கோபுரங்கள்: படங்களில் நீங்கள் பார்த்த டர்ஹாம் இங்கேதான் இருக்கிறது. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும். பிறகு சில்வர் ஸ்ட்ரீட், சாட்லர் ஸ்ட்ரீட் வழியாக மேலே ஏறுங்கள்.

கேள்வி: கதீட்ரலுக்குக் கட்டணம் உண்டா? உள்ளே எதை விடக்கூடாது?

நுழையக் கட்டணம் இல்லை; காணிக்கை கேட்பார்கள், முடிந்ததைப் போடுங்கள்.

வாசல் கதவிலேயே நின்றுவிடுங்கள். அங்கே மிருக முகம் கொண்ட ஒரு வெண்கலத் தட்டுவளையம் இருக்கும். இது நகல், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். குற்றம் செய்துவிட்டு ஓடிவந்தவர் இந்த வளையத்தைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கிடைத்த காலம் உண்டு. அதற்குள் சரணடைய வேண்டும், இல்லை நாட்டை விட்டே போய்விட வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கண் தானாகத் தூண்களுக்குப் போகும். சுருள், வளைகோடு, சாய்சதுரம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. 1093-இல் தொடங்கி சுமார் 40 ஆண்டுகளில் முக்கியப் பகுதிகளை முடித்துவிட்டார்கள். இத்தனை அகலத்தைக் கல் விலா வளைவுகளால் மூடியது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்.

பின்பக்கம் தரையில் ஒரு கறுப்புச் சலவைக்கல் கோடு தெரியும். மடாலயக் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. நான் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒருமுறை தாண்டிவிட்டுத்தான் மேலே நடப்பேன். கிழக்குக் கோடியில் புனித கத்பர்ட்டின் கல்லறை. கடல்வழி வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்குப் பயந்து 875-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்து அவர் உடலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய துறவிகள் வழியில் பல இடங்களில் தங்கினார்கள்; அவர்களுக்குப் பின் வந்தவர்கள்தான் 995-இல் உடலோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த ஊர் எழுந்ததே அந்தக் கல்லறையைச் சுற்றித்தான். மேற்குக் கோடியில் கலிலீ சிற்றாலயம், அங்கே வரலாற்றாசிரியர் பீடின் கல்லறை. அவர் எலும்புகள் ஜாரோ மடத்திலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்டவை என்பதை வழிகாட்டிகளே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

மாலைப் பாடல் வழிபாடு நடக்கும் நாளாக இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், யாரும் வரலாம்.

கேள்வி: கோபுரம் ஏறலாமா, காசுக்குப் பலன் உண்டா?

325 படி, குறுகலான சுழற்படி. இதற்கு மட்டும் டிக்கெட் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் ஏறுங்கள், ஆறு போட்டிருக்கும் வளையம் முழுசாகத் தெரியும். மூடுபனி என்றால் அந்தக் காசைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவும் வர்றாங்க அக்கா, முழங்கால் வலி இருக்கு. சமாளிப்பாங்களா?

ஆற்றோரப் பாதை சிரமம் தம்பி. மழைக்குப் பிறகு சேறு, வேர்கள், அங்கங்கே படிகள். ஊருக்குள்ளும் சில்வர் ஸ்ட்ரீட் நல்ல ஏற்றம், கல் பாவிய தரை. ரயில் நிலையத்துக்கும் கதீட்ரலுக்கும் நடுவே ஒரு சிறு பேருந்து ஓடுகிறது, எந்தெந்த நாள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கதீட்ரலுக்கு உள்ளே பெரும்பாலும் சமதளம்தான். அம்மாவை அங்கே நிதானமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஆற்றைச் சுற்றி வரலாம்.

கேள்வி: காரில் வரலாமா?

ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில், அதாவது காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஊருக்குள் வரும் இடத்தில், விட்டுவிடுங்கள். குன்றின் மேலே போகும் ஒரே குறுகிய தெருவில் காருக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது 2002-இல், லண்டனுக்கும் முன்னாலேயே.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் நீளமான நடை வேணும். ஆறேழு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அப்படியானால் ஃபிங்கிள் பிரையரி. நகரத்துக்கு வடக்கே சுமார் 4 மைல், ஆற்று வளைவில் கிடக்கும் ஓர் இடிந்த மடாலயம். வணிகராகக் கடலில் சுற்றிய கோட்ரிக் என்பவர் துறவியாகி இங்கே தனியாக வாழ்ந்து 1170-இல் இறந்தார். பின்னாளில் டர்ஹாம் துறவிகள் முறை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க இங்கே வந்தார்கள். ஆக, டர்ஹாமிலிருந்து விடுமுறைக்குக் கிளம்பி வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. வழியில் கொஞ்ச தூரம் சிறைச்சாலைப் பக்கமாகப் போக வேண்டியிருக்கும், அழகில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆறும் காடும் வந்துவிடும். குடிநீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

கேள்வி: எந்த வாரயிறுதியைத் தவிர்க்கணும்?

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை சுரங்கத் தொழிலாளர் விழா. 1871-இலிருந்து வரும் பழக்கம், பாண்டு வாத்தியமும் பதாகைகளுமாக ஊரே நிரம்பி வழியும். அமைதியாக நடக்க வருபவருக்கு ஆகாது, ஆனால் அதைப் பார்க்கவே தனியாக ஒருமுறை வரலாம். ஜூன் படகுப் போட்டி, பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். மாணவர் விடுமுறையில் கல்லூரிகள் அறைகளை வாடகைக்கு விடுகின்றன, இப்போது கல்லூரியாக இருக்கும் கோட்டையிலும் தங்கலாம். கோட்டையை வெறுமனே பார்க்க வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: ரயிலில் எந்தப் பக்கம் உட்காரணும்?

லண்டன், யார்க் பக்கமிருந்து வந்தால் வலப்பக்கம். நிலையத்துக்குச் சற்று முன்னால் 1857-இல் திறந்த உயரமான பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும், கதீட்ரலும் கோட்டையும் அப்படியே தெரியும். நியூகாசிலிலிருந்து வருபவர்களுக்கு நிலையம் முதலில் வந்துவிடும், அந்தப் பாலம் கிடைக்காது. அவர்கள் நடைமேடையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.