அம்மாவின் டெபாசிட் அப்படியே இருக்க, மகள் ஏன் கடன் வாங்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 47 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. கைக்கு வருவது 61,000 ரூபாய். என் அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் நினைவும் தெளிவாகவே இருக்கின்றன. இன்சுலின் போடுகிறோம், யூரின் டியூப் இருக்கிறது. ஏஜென்சி மூலம் மாதம் 32,000 கொடுத்து 24 மணி நேர ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறேன். நான்கு மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். முதுகின் அடியில் புண் ஆரம்பித்திருக்கிறது. இந்தச் செலவுக்காக 15% வட்டியில் 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்து ஒன்பது தவணை கட்டியிருக்கிறேன். இஎம்ஐ 11,130. நகைக் கடன் 2.5 லட்சம், வட்டி 10%. அம்மா பெயரில் 16 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாதம் 14,000 குடும்ப ஓய்வூதியமும் வங்கியில் சேர்கிறது. "அதில் கை வைக்காதே, அம்மாவின் கடைசி காலத்துக்கு வேண்டும்" என்கிறார் பெங்களூரில் இருக்கும் அண்ணன். இப்போது இன்னொரு நிறுவனம், ஒரு வருடப் பேக்கேஜ் 3.6 லட்சம், வட்டியில்லா இஎம்ஐ, நாடித்துடிப்பு பார்க்கும் வாட்ச் உண்டு என்கிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். பேக்கேஜைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களை மூழ்கடிப்பது அண்ணனின் அந்த ஒரு வாக்கியம். கடைசி காலம் என்று அவர் எதைச் சொல்கிறார்? பக்கவாதத்தில் படுத்திருக்கும் 74 வயது அம்மாவுக்கு அந்தப் பணம் தேவைப்படும் காலம் இதுதான். இப்போது நடப்பது என்னவென்றால், அம்மாவின் செலவுக்கு மகள் கடன் வாங்குகிறார், அம்மாவின் பணம் பிற்காலத்தில் பங்கு பிரிக்கப் பத்திரமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஏஜென்சிக்கு 32,000, இஎம்ஐ 11,130, நகைக் கடன் வட்டி சுமார் 2,080. மொத்தம் 45,000 போக, கையில் நிற்பது 16,000. அதில் வீடு நடக்காது, அதனால்தான் அடுத்த கடன். டெபாசிட்டுக்கு 7.25% வட்டி என்று வைத்துக்கொண்டால், 7.25% சம்பாதிக்கும் பணத்தைக் காப்பாற்ற 15% கட்டுகிறீர்கள். பாக்கி இருக்கும் சுமார் 3.4 லட்சத்துக்கு வருடம் 26,000 ரூபாய் வீண்.

அம்மாவின் டெபாசிட்டிலிருந்து 3.4 லட்சம் எடுத்து பர்சனல் லோனை முடியுங்கள். அது அம்மாவுக்காக வாங்கிய கடன்தான், கூச்சப்பட எதுவும் இல்லை. முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிச்சமாகும் 11,130-ஐ அப்படியே நகைக் கடனுக்குக் கட்டினால் சுமார் 25 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். 16 லட்சமும் ஒரே ரசீதாக இருந்து, பகுதி எடுக்க வங்கி விடாவிட்டால், முழுவதையும் உடைத்து மீதியை 2 லட்சம் வீதம் வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் போடுங்கள். வட்டியில் ஒரு முறை கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை.

வலது கை வராததால் அம்மா கையெழுத்துப் போட முடியாது என்று நீங்கள் தயங்கலாம். இடது கட்டைவிரல் ரேகை போதும். அதுவும் முடியாதவர்களுக்குக் கால் விரல் ரேகையைக்கூட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். இதை அம்மாவின் நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்தாக வேண்டும். இன்னொரு பக்கவாதம் வந்து புத்தி தெளிவு போய்விட்டால், பவர் ஆஃப் அட்டர்னி இருந்தாலும் செல்லாது. நாமினி என்பது இறப்புக்குப் பிறகுதான் உதவும். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். எனவே புதிய டெபாசிட்டுகளில் உங்கள் பெயரையும் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் சேருங்கள். முதிர்வுக்கு முன் எடுக்க அப்போதும் இருவர் ஒப்புதலும் கேட்பார்கள். அதற்கான முன் அனுமதிக் கடிதத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, அந்த 32,000 எதற்குப் போகிறது? நர்ஸ் என்றால் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண்ணைக் கேளுங்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் அது இல்லை என்றால், அட்டெண்டருக்கு நர்ஸ் விலை கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு நாள் முழுக்க வேண்டியது நல்ல அட்டெண்டர். டியூப் மாற்றவும் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்யவும் மட்டும் நர்ஸ் வந்து போனால் போதும். ஏஜென்சி வாங்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அடிக்கடி ஆள் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கும். 24 மணி நேரம் என்றால் தூங்காமல் விழித்திருப்பார் என்று பொருள் இல்லை. வாரத்தில் அரை நாள் ஓய்வும், இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கமும் இல்லாதவர் கையில் அம்மாவை ஒப்படைப்பது ஆபத்து. அந்த ஆறு மணி நேரத்தில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

புண்ணுக்கு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர், தள்ளிப்போட்டால் உடம்பும் போகும், காசும் போகும். ஏர் பெட் வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புண் அழுந்தாமல் இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், நேரத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அங்கே புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

இன்சுலினை நீங்களே போடுங்கள், அல்லது ஊசியில் ஏற்றியதை நீங்கள் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். நம் ஊரில் 40 யூனிட் பாட்டிலும் உண்டு, 100 யூனிட் பாட்டிலும் உண்டு. 40-க்கான சிவப்பு மூடி ஊசியில் 100 யூனிட் மருந்தை 12 கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 30 யூனிட். புதிதாக வந்த ஆள் முதல் நாளே செய்யக்கூடிய தவறு இது. சர்க்கரை இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய்விடும். பழையவர் போகும் நாளில் புதியவர் ஒரு மணி நேரமாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், 24 மணி நேரத்தில் மாற்று ஆள், வராத நாளுக்குப் பிடித்தம் — இவற்றை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பிசியோதெரபிக்கும் வலி தணிப்புக்கும், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கே வருவார்கள், இலவசம்.

பேக்கேஜ் விஷயம். வட்டியில்லா இஎம்ஐ என்பது உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் கடன். அம்மா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும், நிறுவனம் ஆள் அனுப்பாவிட்டாலும், தவணை ஓடும். ஆள் நிலைக்காத ஒரு சேவைக்குப் பன்னிரண்டு மாதப் பணத்தை முன்னால் கட்டுவது என்ன நியாயம்? வாட்ச் நாடித்துடிப்பைக் காட்டும், அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்காது. ஹெல்த் இன்சூரன்ஸையும் இதற்கு நம்ப வேண்டாம். குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற பராமரிப்புச் செலவை வழக்கமான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன.

இனி மாதக் கணக்கு. அட்டெண்டருக்கு 24,000, நர்ஸ் வந்து போக 2,000, டயப்பர், டிரஸ்ஸிங் சாமான் 4,000. மொத்தம் 30,000. குடும்ப ஓய்வூதியம் 14,000. மீதி 12.6 லட்சத்துக்கு வட்டி சுமார் 7,600. துண்டு விழுவது 8,400, அதை அசலிலிருந்து எடுங்கள். செலவு வருடம் 8% ஏறி, ஓய்வூதியம் ஏறவே இல்லை என்றாலும் பணம் சுமார் ஆறு வருடம் தாங்கும். உங்கள் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

ஒரு நோட்டு போட்டு, அம்மா பணத்தில் எடுத்த ஒவ்வொரு ரூபாயையும் ரசீதோடு எழுதி, மாதம் 1-ம் தேதி அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். டெபாசிட் கரைவது அவருக்குக் கவலை என்றால் மாதம் 5,000 அனுப்பச் சொல்லுங்கள். அதே பணம் ஏழு வருடத்தைத் தாண்டும்.