மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் வந்தால் 6 நாள் தனியே வைப்பது நியாயமா?

கேள்வி கேட்டவருடைய தம்பி கென்யாவில் வேலை பார்க்கிறாராம். ஊருக்கு வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால், விமான நிலையத்திலிருந்தே கூட்டிப்போய் 6 நாள் வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "காய்ச்சலே இல்லாதவனை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்? வைத்தால் மட்டும் நோய் வராமல் நின்றுவிடுமா?" என்று கேட்கிறார்.

சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த 6 நாளுக்கு ஒரு கணக்கு உண்டு. கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சல் வருவதாக இருந்தால், 3 முதல் 6 நாளுக்குள் வந்துவிடும். (மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது கொசுவால் பரவும் வேறு நோய்.) டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். அந்தக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பழைய டயரிலும் தாராளமாக இருக்கிறது. இங்கே ஊசி போட்டுக்கொண்டவர்களும் மிகக் குறைவு. கிருமி ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் உங்கள் தம்பியைக் கொசு கடிக்காத இடத்தில் சில நாள் வைத்திருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் அப்பாயி 1930களில் எட்டு வயதுப் பிள்ளையாக, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். வழியில் மண்டபம் கேம்ப். இராமேஸ்வரம் போகும்போது ரயில் ஜன்னலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இன்று பலருக்கும் அது 1983க்குப் பிறகு வந்த ஈழத்து அகதிகள் இருக்கும் முகாம். ஆனால் அதைக் கட்டியது இலங்கை அரசு, அதுவும் இந்திய மண்ணில். தோட்டத்துக்கு ஆள் போகும் வழியில் வாந்திபேதியும் அம்மையும் கூடவே போய்விடக் கூடாது என்று, கடலுக்கு இந்தக் கரையிலேயே ஆட்களை நிறுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன்பு தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. அதற்கும் முந்திய தலைமுறை மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனது. அந்தப் பாதையோரத்தில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தண்ணீர், சோறு, தங்க இடம் எதுவும் இல்லாமல் நடக்கவிட்டதன் விளைவு அது.

அப்பாயிக்குக் கடைசிவரை மறக்காதது இரண்டு. ஒன்று, துணி மூட்டையை வாங்கி நீராவியில் அவித்துத் திருப்பிக் கொடுத்தது. பாவாடை சூடாக, கசங்கி, ஒரு மாதிரி மருந்து வாடையோடு வந்ததாம். இன்னொன்று, "பெரிய கங்காணி அஞ்சு நாளுன்னு சொன்னாரு, அஞ்சு நாளு முடிஞ்சதும் கோச்சியில ஏத்திட்டாங்க." (கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர், கோச்சி என்றால் ரயில்.) இடது கையில் அம்மை குத்திய தழும்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டே சொல்வார்.

பின்னாளில் இதைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த ஐந்து நாளின் பொருள் புரிந்தது. வாந்திபேதி கிருமி பெரும்பாலும் 5 நாளுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். பெரியம்மை அப்படியில்லை, வெளியே தெரிய 12 நாள் போல ஆகும். அத்தனை நாள் யாரையும் வைத்துச் சோறு போட முடியாது, ஆகவே அதற்கு அம்மை குத்தினார்கள். குடலில் இருக்கும் கொக்கிப்புழு எத்தனை நாள் காத்திருந்தாலும் போகாது, அதற்கு மருந்து. நோயைப் பார்த்து முறையை மாற்றியிருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். தோட்டத்துரைமாருக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்ததுதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூருக்குப் போன கப்பல்களில் மலிவு டிக்கெட்டில் திறந்த மேல்தளத்தில் (டெக்கில்) வந்தவர்களைத்தான் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி வைத்தார்கள், கேபின் பயணிகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியுமா?

2020 ஜூனில், கொரோனா காலத்தில், நான் மஸ்கட்டிலிருந்து வந்தேன். காசு கட்டினால் ஹோட்டல், இல்லையென்றால் இலவச முகாம். என்னை ஒரு கல்லூரி விடுதியில் போட்டார்கள். மாடிப்படியின் குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தது. இட்லிப் பொட்டலத்தை அந்தப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பாட்டில் குறையில்லை. சோதனை முடிவு எப்போது வரும், எப்போது விடுவார்கள் என்று கேட்டால்தான் பதில் இல்லை. ஒருவர் 'நாளைக்கு' என்பார், அடுத்தவர் 'மேலே கேட்கணும்' என்பார். நான்காம் நாள் இரவு பக்கத்து அறைக்காரர் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார். ஊரில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். மறுநாள் பூட்டு ஒன்று கூடியது, பதில் மட்டும் வரவில்லை. அவரிடம் ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அடைத்து வைக்கப்படுகிறவர் ஊருக்காகத் தன் நாட்களைக் கொடுக்கிறார். அவரைக் குற்றவாளி போல நடத்தினால் அடுத்து வருகிறவர் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் வெளியேறிவிடுவார்.

தம்பிக்கு வழி இருக்கிறது. கென்யாவிலேயே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதைக் கணக்குப் பண்ணி டிக்கெட் எடுக்கட்டும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். இங்கிருந்து போகிறவர்கள் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டால், 6 நாள் என்பது அந்த நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எண்ணுவது. என்றைக்கு வெளியே விடுவார்கள் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.