பதில்: வளைவில் நின்றுவிடும் கண்ணாடியிழைக் கோல்

வணக்கம் ஐயா. ஜார்ஜ்டவுன் கடைவீட்டில் கேட் 6 எனும் இணையக் கேபிள் இழுக்கும்போது, கேபிளுக்கு வழி செய்யக் குழாய்க்குள் தள்ளும் கண்ணாடியிழைக் கோல் 20 மி.மீ. பிவிசி குழாயின் இரண்டாம் வளைவில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மேலும் அழுத்தித் தள்ள வேண்டாம். அந்தக் கோல் நேரான குழாய்க்கும் உட்கூரையின் மேற்புறத்துக்கும் ஏற்றது. 90 பாகை வளைவில் வற்புறுத்தினால் கோல் பிளந்து, கையுறை இல்லாத விரல்களில் கண்ணாடிச் சிலும்பு ஏறிவிடும். நைலான் இழுப்பு நாடாவை மறுமுனையிலிருந்து செலுத்திப் பாருங்கள். அதுவும் நின்றால், சிறிய ஸ்பாஞ்சுத் துண்டில் மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டி உள்ளே விட்டு, எதிர்முனையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து இழுப்பதே நான் மிகவும் நம்பும் வழி. கயிறு மறுமுனைக்கு வந்ததும் அதில் கேபிளைக் கட்டி இழுக்கலாம். கேட் 6 கேபிளை 110 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கக் கூடாது என்பதால், ஒருவர் மெதுவாக இழுக்க, மற்றவர் மறுபுறமிருந்து ஊட்டுவது அவசியம். அக்குழாயில் ஏற்கெனவே மின்கம்பி ஓடினால், இணையக் கேபிளை அதில் சேர்க்காமல் தனிக்குழாய் அமையுங்கள்.