சிபில் ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் டிஸ்ப்யூட் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்ததில், சிபில் ஸ்கோர் (கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) 640 என்று சொல்லி ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மூன்று சிக்கல்கள். கொரோனா சமயத்தில் கட்ட முடியாமல் போன கிரெடிட் கார்டுக்கு 2021-ல் பேசி, 88,000 ரூபாய்க்கு 45,000 கட்டி முடித்தேன். அது ‘செட்டில்டு’ என்று இருக்கிறது. முழுதும் கட்டி என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கிய டூவீலர் கடனில் 2,340 ரூபாய் பாக்கி காட்டுகிறது. மொபைல் ஆப்பில் 15,000 வாங்கிப் பாதியில் விட்ட கடன் ‘ரிட்டன் ஆஃப்’ ஆகியிருக்கிறது. மூன்றுக்கும் டிஸ்ப்யூட் (ஆட்சேபணை) போட்டு நீக்கித் தர 12,000 ரூபாய் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். டூவீலர் கடனுக்கு மட்டும் டிஸ்ப்யூட் போடுங்கள், அதையும் நீங்களே போடுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. ஏஜென்டுக்கென்று தனி வழியும் கிடையாது. உங்கள் மொபைலுக்கு வரும் ஓடிபியை வாங்கி, நீங்கள் போக வேண்டிய அதே பக்கத்துக்குத்தான் அவரும் போவார்.

சிபில் தன்னிஷ்டத்துக்கு எந்தப் பதிவையும் அழிக்க முடியாது. நீங்கள் ஆட்சேபித்தால் அது கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும். ‘ஆமாம், தவறுதான்’ என்று அங்கிருந்து வந்தால் திருத்தும். ‘இருப்பது சரி’ என்று வந்தால் அப்படியே விட்டுவிடும். ஆக, உண்மையான பதிவுக்கு எத்தனை முறை டிஸ்ப்யூட் போட்டாலும் அதே பதில்தான். ‘சரி, போட்டுத்தான் பார்ப்போமே, என்ன நஷ்டம்?’ என்று தோன்றும். நஷ்டம் உண்டு.

முதலில் ஆப் கடன். ரிட்டன் ஆஃப் என்றால் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கிடப்பில் கிடக்கும் அந்த ஃபைலை நீங்களே தட்டி எழுப்பினால், வசூல் ஆட்களின் போன் மறுபடி வரத் தொடங்கலாம். சரிபார்க்கும்போது வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துப் பாக்கித் தொகையே கூடியும் வரலாம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி ஏஜென்டுகள் டிஸ்ப்யூட்டில் காட்டும் காரணம் பெரும்பாலும் ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ என்பதுதான். கடன் வாங்கியபோது செல்ஃபி எடுத்தீர்கள், ஆதார் ஓடிபி கொடுத்தீர்கள், பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்தது, சில தவணைகளும் அங்கிருந்தே போயின. நிறுவனம் இத்தனையையும் எடுத்து வைத்தால், பொய் சொன்னவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஏஜென்டின் பெயர் எங்கேயும் இருக்காது. நாளைக்கு உங்கள் பான் நம்பரில் வேறு யாராவது நிஜமாகவே கடன் வாங்கிவிட்டால், அப்போது நீங்கள் சொல்வதை நம்ப ஆள் இருக்க மாட்டார்கள்.

எழுத்தில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் ‘கடன் இருப்பது உண்மை, கொஞ்சம் டைம் கொடுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலோ, சமாதானத்துக்கு 500 ரூபாய் கட்டினாலோ, 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். கட்டாமல் தப்பிக்க வழி சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிட்டன் ஆஃப் பாக்கி நிற்கும்போது வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். என் யோசனை, மொத்தமாகக் கட்டி முடியுங்கள் என்பதுதான். எவ்வளவு கட்ட வேண்டும், கட்டியபின் ரிப்போர்ட்டில் என்னவென்று மாற்றுவார்கள் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள், பிறகு பணம் போடுங்கள். ஏஜென்ட் கேட்கும் 12,000 இதற்குப் பெரும்பகுதி ஆகிவிடும்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் பதிவு உண்மை, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. வங்கி விட்டுக்கொடுத்த 43,000-ஐ இப்போது கட்டினால் ‘செட்டில்டு’ என்பதை ‘க்ளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) என்று மாற்றித் தருவீர்களா என்று மெயிலில் கேளுங்கள். பல வங்கிகள் ஒத்துக்கொள்ளும். தாமதமாகக் கட்டிய மாதங்களின் வரலாறு அதனால் மறையாது.

இனி டூவீலர். டிஸ்ப்யூட் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் அந்தக் கடனின் ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணைக்குக் கீழே உள்ள வரிகளைப் பாருங்கள். இந்தச் சின்னத் தொகைகள் பெரும்பாலும் செக் பவுன்ஸ் சார்ஜாகவோ தாமதக் கட்டணமாகவோ இருக்கும். என்.ஓ.சி.யின் தேதி அந்த வரிக்குப் பிந்தியதாக இருந்தால் உங்கள் பக்கம் பலம். என்.ஓ.சி.யில் உள்ள கடன் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு கடன் வாங்கியவர்கள் சறுக்குகிற இடம் இது.

அப்புறம், ரிப்போர்ட்டில் இருக்கும் கன்ட்ரோல் நம்பரை (அந்த ரிப்போர்ட்டின் அடையாள எண்) வைத்து சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் போடுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் என்.ஓ.சி. இணைத்து ஒரு மெயில் அனுப்புங்கள். நிறுவனத்துக்கு 21 நாள், சிபிலுக்கு மீதி 9 நாள், ஆக 30 நாளில் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. திருத்த மறுத்தால் காரணமும் சொல்லியாக வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், அதுவும் இலவசம்தான்.

சிபிலோடு நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த வங்கி எதைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். டூவீலர் பாக்கி மற்றவற்றிலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக வீட்டுக் கடன். டிஸ்ப்யூட் நிலுவையில் இருக்கும்வரை அந்தப் பதிவின் மேல் ‘ஆட்சேபணையில் உள்ளது’ என்ற குறிப்பு விழும். அதைப் பார்த்தால் ‘முடித்துவிட்டு வாருங்கள்’ என்று ஃபைலைத் தள்ளி வைக்கும் வங்கிகள் உண்டு. மூன்று பதிவிலும் அந்தக் குறிப்பு விழுந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் கிரயத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தால், டூவீலருக்குக்கூட உடனே டிஸ்ப்யூட் போட வேண்டாம். என்.ஓ.சி.யையும் ஸ்டேட்மென்டையும் லோன் அதிகாரியிடம் நேரில் கொடுத்து, இதை வைத்தே ஃபைலை நகர்த்த முடியுமா என்று கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.